ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்: மேசை ஒன்று, தட்டு வேறு

(பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிறு மாலை நம் சமூகக் கூடத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)



"இங்கிலாந்து போய் வந்ததைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். மகள் வீட்டில் பத்து வாரம் இருந்துவிட்டு வந்திருக்கிறோம். பிக் பென் கடிகாரத்தையும் தேம்ஸ் நதிப் பாலத்தையும் நீங்கள் யூடியூபில் என்னைவிட நன்றாகவே பார்த்திருப்பீர்கள். அதனால் ஊர் சுற்றிய கதையை விட்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியே போய்ச் சாப்பிட்டதைப் பற்றி மட்டும் சொல்லப்போகிறேன்.

பிறந்ததிலிருந்து சைவமாக இருக்கும் ஒருவன் கறிச் சாப்பாட்டுக் கடைக்குப் போன கதை இது. அடுத்த வாரம் பொதுக்குழுவில் வரப்போகும் ஒரு தீர்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறுமையாகக் கேளுங்கள்.

ரோஸ்ட் என்றால் என்ன?

நம் ஊரில் ரோஸ்ட் என்றதும் நினைவுக்கு வருவது நெய் ரோஸ்ட். விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும், முறுகலாகக் கூம்பு மாதிரி நிற்க வைத்துக் கொண்டுவருவார்கள். அசைவ ஹோட்டலில் சிக்கன் ரோஸ்ட், மட்டன் ரோஸ்ட் என்றால் மசாலா ஒட்டச் சுருள வதக்கியது. ஆங்கிலேயருடைய ரோஸ்ட் இந்த இரண்டும் இல்லை. பெரிய இறைச்சித் துண்டை முழுசாக, எண்ணெயில் பொரிக்காமல், தண்ணீரில் வேகவைக்காமல், அனலில் மட்டும் வாட்டி எடுப்பது. ஒரு காலத்தில் அடுப்புக்கு முன்னால் கம்பியில் குத்திச் சுழற்றிக்கொண்டே இருந்தார்கள். பிறகு இரும்பு அவன் வந்தது. மசாலா என்று பார்த்தால் உப்பு, மிளகு, கொஞ்சம் வாசனை இலை, அவ்வளவுதான்.

அந்த ஒரு துண்டைச் சுற்றித்தான் மொத்தச் சாப்பாடும். அவனில் வாட்டிய உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், நம் முள்ளங்கி மாதிரித் தெரிந்து இனிப்பாக இருக்கும் பார்ஸ்னிப் கிழங்கு, இறைச்சியிலிருந்து வழிந்த சாற்றில் செய்த கிரேவி. கூடவே யார்க்‌ஷயர் புட்டிங். புட்டிங் என்றதும் பாயசம், கேசரி என்று நினைத்துவிடாதீர்கள். மைதா, முட்டை, பால் மூன்றையும் கரைத்து, கொதிக்கிற கொழுப்பில் ஊற்றி அவனில் வைத்தால் கிண்ணம் மாதிரி உப்பி வரும். அதில் இனிப்பே கிடையாது.

ஒவ்வொரு கறிக்கும் ஒரு தொட்டுக்கை வழக்கம். மாட்டுக்கறிக்குக் கடுகு மாதிரி மூக்கில் ஏறும் ஹார்ஸ்ரேடிஷ், ஆட்டுக்கறிக்குப் புதினாவில் வினிகர் விட்ட சட்னி, பன்றிக்கறிக்கு ஆப்பிள் மசியல். அந்தப் புதினாச் சட்னியை நான் தனியாக வாங்கி உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொண்டேன். நம் வீட்டுச் சட்னியை வினிகரில் நனைத்தது போல இருந்தது. மோசமில்லை.

கணக்குப் பார்த்துச் சாப்பிட்டவர்கள்

பெரிய துண்டு இறைச்சி என்றதும் பணக்காரச் சாப்பாடு என்று தோன்றும். அப்படியும் இருந்தது. மாட்டு ரோஸ்ட்டைக் கொண்டாடியதால்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயருக்கு 'ரோஸ்பிஃப்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். லண்டனில் 1828-இல் தொடங்கிய சிம்ப்சன்ஸ் என்ற உணவகம், வெள்ளி மூடி போட்ட வண்டியில் முழு இறைச்சியை மேசைக்கு மேசை தள்ளிவந்து, கண் முன்னால் அறுத்துப் பரிமாறியே பெயர் வாங்கியது.

ஆனால் ஏழைக் குடும்பத்துக்கு ஞாயிறு ரோஸ்ட் என்பது சிக்கனம். வீட்டில் அவன் இல்லாதவர்கள் பாத்திரத்தோடு ரொட்டிக்கடைக்கு எடுத்துப்போய், அங்கே அணையாமல் இருந்த அடுப்பில் வைத்துவிட்டு, மாதா கோவில் பூசை முடிந்து வரும்போது வாங்கிக்கொண்டு போவார்கள். யார்க்‌ஷயர் புட்டிங்கை முதலில் தனியாகக் கிரேவி ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். வயிறு பாதி நிறைந்துவிட்டால் கறி குறைவாகப் போதும் இல்லையா? விருந்தில் சோற்றைக் குவித்துச் சாம்பாரை ஊற்றி, வடையை மட்டும் எண்ணி வைக்கிற நம் ஆட்களுக்கு இது புரியும். மிச்சக் கறி திங்கட்கிழமை ஆறினபடியே. அது துணி துவைக்கும் நாள், சமைக்க நேரமிருக்காது. அடுத்த நாள் அதையே கொத்தி, மேலே உருளைக்கிழங்கு மசித்துப் போட்டு இன்னொரு சமையல். மிச்சக் காய்கறியை வாணலியில் போட்டுப் புரட்டினால் மற்றொன்று. நம் பழைய சோறும் சுண்டக் குழம்பும்தான் அது. பெயர்தான் வேறு.

ரேஷன் கதையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-இல், அங்கே இறைச்சிக்கு ரேஷன் வந்தது. மற்றப் பொருள்களை எடை பார்த்துக் கொடுத்தவர்கள் இறைச்சியை மட்டும் விலை பார்த்துக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஒருவருக்கு வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புள்ள கறி. மலிவான பாகம் வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கும், உயர்ந்த பாகம் வாங்கினால் கொஞ்சம்தான். போர் முடிந்த பிறகும் தொடர்ந்து 1954 ஜூலையில்தான் அது நீங்கியது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்துகொண்டு, இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுத்தால், பதிலாகக் கூடுதல் சீஸ் கொடுத்தார்கள். ஒரு நாடு பட்டினியை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், கறி வேண்டாம் என்றவனுக்கும் கணக்கில் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன் என்பதால் இது எனக்குப் பிடித்துப்போயிற்று. சைவ உணவுக்கென்று ஒரு சங்கத்தை 1847-லேயே இங்கிலாந்தில் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மகள் குடும்பம் லீட்ஸ் நகரில் இருக்கிறது. யார்க்‌ஷயர் பகுதிதான், அந்தப் புட்டிங்கின் சொந்த ஊர். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரும் அவர் மனைவியும். பேரன் பந்தை அவர்கள் தோட்டத்தில் போட்டால் எடுத்துத் துடைத்து வேலிமேல் வைத்துவிடுவார்கள். நாங்கள் ஊர் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது, எல்லோரையும் ஞாயிறு மதியம் ரோஸ்ட் சாப்பிட அழைத்தார்கள்.

நான் வரமாட்டேன் என்றுவிட்டேன். "கறி வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் போய் வாருங்கள், நான் ரசம் வைத்துக்கொள்கிறேன்."

மகள் கோபிக்கவில்லை. "அப்பா, அவங்க உங்களுக்குன்னு கேட்டு, சைவம் கிடைக்கிற கடையாப் பார்த்து புக் பண்ணியிருக்காங்க. சாப்பிடறதும் சாப்பிடாததும் உங்க இஷ்டம். வந்து உட்காருங்க, போதும்."

மாப்பிள்ளை மட்டும் மெதுவாக, "மாமா, நாங்க இங்கதான் இருக்கணும்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

போன இடம் கார்வரி என்று சொல்கிற வகைக் கடை. ஒரு மேடையில் நாலைந்து முழு ரோஸ்ட், மேலே சூடு குறையாமலிருக்க விளக்கு, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் நீளக் கத்தியோடு நிற்பார். தட்டை நீட்டினால் கேட்டதை அறுத்து வைப்பார். காய்கறி, உருளைக்கிழங்கு, கிரேவி எல்லாம் பக்கத்தில் பாத்திரம் பாத்திரமாக இருக்கும். நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கேயும் வரிசைதான், நம் கல்யாணப் பந்தி பஃபே மாதிரி. ஆனால் யாரும் முண்டவில்லை.

எனக்கும் மனைவிக்கும் நட் ரோஸ்ட். முந்திரி, வால்நட் போன்ற பருப்புகளை ரொட்டித் தூளோடும் காயோடும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் வைத்து அவனில் சுட்டுத் துண்டு போடுவது. முட்டை இல்லாமலும் செய்கிறார்கள், சேர்த்தும் செய்கிறார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். தட்டில் அதை வாங்கிக்கொண்டு காய்கறிப் பக்கம் நகர்ந்தேன். பொன்னிறத்தில் உருளைக்கிழங்கு. கரண்டியில் கை வைத்துவிட்டேன்.

"சார், ஒரு நிமிஷம்!"

கத்தியோடு நின்ற அந்த ஆள்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேடையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்கள் நட் ரோஸ்ட் வாங்கினீர்கள் இல்லையா? இந்த உருளைக்கிழங்கு மாட்டுக் கொழுப்பில் வாட்டியது. உங்களுக்கு எண்ணெயில் வாட்டியது உள்ளே இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள், மேசைக்கே வரும். கிரேவியும் தனியாக."

கரண்டியை அப்படியே விட்டேன். பாத்திரத்துக்கு முன்னால் அட்டை இருந்தது. அதில் எழுதியும் இருந்தது. கண்ணாடியை மகள் கைப்பையில் போட்டுவிட்டு நான்தான் படிக்காமல் விட்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் ஒரு சின்னப் பெண், தனிக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கும் தனி ஜாடியில் கிரேவியும் கொண்டுவந்து வைத்தாள்.

எனக்கு எதிரே தபால்காரர் மாட்டு ரோஸ்ட் சாப்பிடுகிறார். பக்கத்தில் மகள் கோழி. பேரன் யார்க்‌ஷயர் புட்டிங்கில் கிரேவியை நிரப்பிக் குளம் கட்டுகிறான். நான் நட் ரோஸ்ட். அரை மணி நேரத்தில் அந்த வாடை எனக்கு மறந்தே போயிற்று. அவர் தம் அம்மா ரேஷன் காலத்தில் ஒரு கோழியை நாலு நாள் ஓட்டிய கதையைச் சொன்னார். நான் என் அம்மா ஒரு தேங்காயை மூன்று நாள் ஓட்டிய கதையைச் சொன்னேன். மகள் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். நீங்களும் ஒருநாள் இப்படி உட்கார வேண்டிவரும். அதற்காக இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ரோஸ்ட்டுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு மணிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். கறி தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

நம் நாட்டில் பாக்கெட் உணவில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி கட்டாயம். அங்கே அப்படிச் சட்டக் கட்டாயம் இல்லை. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைச் சொல்வது 2014 முதல் கட்டாயம். ஆனால் அது சைவப் பட்டியல் இல்லை. அதனால் வாயைத் திறந்து கேளுங்கள்: உருளைக்கிழங்கு எதில் வாட்டியது? கிரேவி எதில் செய்தது? யார்க்‌ஷயர் புட்டிங்கில் முட்டை கட்டாயம் உண்டு, கொழுப்பும் மாட்டுக்கொழுப்பாக இருக்கலாம். கோழிக்கு வைக்கும் ஸ்டஃபிங்கில் பன்றிக்கறி இருக்கலாம். சில சீஸ் வகைகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைமோர் சேர்ந்திருக்கும். கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பழைய முறைப்படி மாட்டுக்கொழுப்பு உண்டு. கேட்டால் யாரும் முகம் சுளிக்கவில்லை. கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். மது விற்கும் உரிமம் உள்ள கடையில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பில்லில் 'ஆப்ஷனல்' என்று சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அதனால் நல்ல உபசரிப்பாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். முதல் வாய் தொண்டையில் நின்றது.

எஞ்சின் மாற்றிய ஊர்

அன்று வீடு திரும்பும்போது எனக்கு லீட்ஸ் நினைவில் இல்லை, நம் விழுப்புரம்தான் நினைவில் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ரோஸ்ட் நமக்குப் புதிசில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்திய ரயில் நிலையங்களில் ஸ்பென்சர் கம்பெனி ஆங்கிலச் சாப்பாட்டுக் கூடங்களை நடத்தியது. நம் ஜங்ஷனோ நாலு பக்கமும் தண்டவாளம் பிரியும் இடம். 1965-இல் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜில் மின்சாரம் வந்த பிறகு, தெற்கே போகிற வண்டிகளுக்கு இங்கேதான் எஞ்சின் மாற்றுவார்கள். வண்டி நிற்கும் நேரத்தில் பிளாட்பாரம் முழுக்கச் சாப்பாட்டுக் கூச்சல். மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த ரயில்வே சாப்பாட்டுக் கூடங்களுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. தென்னிந்திய ரயில்வேயில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். டிக்கெட் விலை ஒன்று, சாப்பிடும் இடம் வேறு. பெரியார் போன்றோர் விடாமல் எதிர்த்த பிறகு 1941-இல்தான் அது ஒழிந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு ஆறு வருடம் முன்னால்.

ரயிலால் இந்த ஊருக்கு வந்து தங்கிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல. 1980-களின் கடைசியில் நான் விழுப்புரத்தில் பென்ஷன் கவுன்டரில் இருந்தபோது, ஓய்வுபெற்ற ஒரு எஞ்சின் டிரைவர் மாதாமாதம் வருவார். நவம்பரில் உயிர்ச் சான்றுக்கு வந்தால், "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன், பார்த்துக்குங்க சார்" என்று கையை விரித்துக் காட்டுவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். மறுக்க முடியாமல் போனேன்.

அவர் வீட்டில் அவன் கிடையாது. மிளகு, பட்டை, காய்ந்த மிளகாய், வினிகர் சேர்த்துப் பிரஷர் குக்கரில் வேகவைத்து, அதே சாற்றில் உருளைக்கிழங்கைப் புரட்டி எடுப்பதுதான் அவர்கள் ரோஸ்ட். அது எனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி எனக்குத் தனியாக ஒரு தட்டில் வாழைப்பழமும் கடையில் வாங்கிய மிக்சரும், ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும் வைத்தார். நான் வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

எழும்போதுதான் பார்த்தேன். டம்ளரில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு பாதி கிழியாமல் இருந்தது. எனக்காகவே புதிதாக வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்த மாதமும் அவர் பென்ஷன் வாங்க வந்தார். சிரித்துப் பேசினார். ஆனால் வீட்டுக்கு வாருங்கள் என்று அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. லீட்ஸில் அந்த ஆள் கத்தியை வைத்துவிட்டு ஓடிவந்தபோது, எனக்கு அந்த டம்ளர்தான் கண் முன் வந்தது. இரண்டு பேரும் ஒன்றைத்தான் செய்தார்கள். 'உனக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியும், அதைப் பார்த்துக்கொள்கிறேன், நீ உட்கார்' என்றார்கள். ஒருவரிடம் உட்கார்ந்தேன். இன்னொருவரிடம் எழுந்து வந்துவிட்டேன்.

திண்டிவனம் மேசை

பிறகு திண்டிவனத்துக்கு மாற்றல். தினமும் காலை ரயிலில் போய் மாலை திரும்புவேன். கிளையில் சாப்பாட்டு அறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய ரெக்கார்டு ரூம், நடுவில் ஒரே மேசை. ஒருவர் மரக்காணத்து மீன் குழம்பு கொண்டுவருவார். ஒருவர் பெருநாள் சமயத்தில் பிரியாணிச் சட்டியோடு வருவார். நான் தயிர் சாதம். முதல் வாரம் என் சீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் வாரம் மீன் குழம்புக்காரர் வந்து, "சார், ஜன்னல் பக்கம் உங்களுக்கு. கரண்டி மாறாது, அது என் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான். வருடக்கணக்காக அந்த மேசையில் சாப்பிட்டோம். கரண்டி மாறவில்லை. யாரும் தீர்மானம் போடவில்லை, சர்க்குலர் விடவில்லை. என் மகள் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து நின்றவர் அந்த மீன் குழம்புக்காரர்தான்.

இனி நம் கூடம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ஊருக்குப் போவதற்கு முன்னால், இந்தக் கூடத்தில் ஒரு குடும்பம் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பிரியாணி போட்டது. மறுநாள் காலை தரையில் பிசுக்கு இருந்தது, எலும்பு இரண்டு மூலையில் கிடந்தது, வாடை போகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தடித்தது. 'இனிமேல் கூடத்தில் சைவம் மட்டும்' என்று ஒரு மனு தயாராகிக் கையெழுத்துச் சுற்றியது. அதுதான் அடுத்த வாரம் தீர்மானமாக வருகிறது. அந்தக் குடும்பம் அதன் பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் கீழே இறங்கி வரவில்லை. பொங்கல் விழாவுக்கும் வரவில்லை. அந்தப் பிள்ளை மாடியிலிருந்து எட்டிப் பார்த்ததை நானே பார்த்தேன்.

அந்த மனுவில் ஏழாவது கையெழுத்து என்னுடையது.

புகார் பொய்யில்லை. தரை பிசுக்காகத்தான் இருந்தது. ஆனால் பிசுக்குக்கு மருந்து துடைப்பம். நாம் எழுதிக்கொடுத்ததோ ஆளையே வேண்டாம் என்பது போன்ற தீர்மானம். வவுச்சரில் தப்பு இருந்தால் வவுச்சரைத் திருத்த வேண்டும், கணக்கையே மூடக்கூடாது. மெயின்டனன்ஸ் எல்லா ஃப்ளாட்டும் ஒரே விகிதத்தில் கட்டுகிறது. கூடத்தில் உட்காரும் உரிமை மட்டும் எப்படி இரண்டு விதமாகும்?

எனக்குத் தோன்றிய வழியைச் சொல்கிறேன். சங்கப் பணத்தில் நடக்கும் பொது நிகழ்ச்சிக்குச் சைவம் போடுவோம். அதை எல்லோரும் சாப்பிட முடியும் என்பதே காரணம். ஒரு குடும்பம் தன் செலவில் நடத்தும் விசேஷத்தில் என்ன போடுவது என்பது அந்தக் குடும்பத்தின் விருப்பம். கூடம் பதிவு செய்யும் படிவத்திலேயே சைவமா, அசைவமா, இரண்டுமா என்று எழுதட்டும். அசைவம் இருந்தால் பரிமாறும் மேசை இரண்டாக இருக்கட்டும், தனிக் கரண்டி, ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் பெரிய எழுத்தில் அட்டை. கண்ணாடி மறந்தவர்களுக்கும் தெரிய வேண்டும். எந்த விசேஷமானாலும் சுத்தம் செய்வதற்கு ஒரு முன்பணம். சைவ விசேஷத்துக்கும்தான், ஏனென்றால் பாயசம் கொட்டினாலும் எறும்பு வரும். மறுநாள் காலை சுத்தமாக இருந்தால் முழுப் பணமும் திரும்ப. எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு போட வேண்டும் என்று பொருளாளரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சைவத்தை விடவில்லை, விடவும் மாட்டேன். எனக்குக் கறி வாடை இன்றைக்கும் பிடிக்காது. சைவமாக இருப்பது என் தட்டுக்கு நான் வைத்த ஒழுங்கு. அடுத்தவர் தட்டுக்கு நான் ஒழுங்கு வைக்க முடியாது. வேண்டியதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு எனக்கு. மறைக்காமல் சொல்லும் பொறுப்பு பரிமாறுகிறவருக்கு. இரண்டும் இருந்தால் ஒரே மேசையில் உட்காரலாம் என்பதை அந்தக் கார்வரியிலும் திண்டிவனம் ரெக்கார்டு ரூமிலும் பார்த்துவிட்டேன்.

செயலாளர் அவர்களே, மனுவிலிருந்து என் கையெழுத்தை எடுத்துவிடும்படி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தேதியிட்டு, கையெழுத்திட்டு, நகலும் வைத்திருக்கிறேன். பழைய பழக்கம். உடன் கையெழுத்திட்ட மற்றவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு வாரம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இன்று காலை அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் மணி அடித்தேன். அந்த அம்மாள் கதவைத் திறந்து என்னைப் பார்த்துத் தயங்கினார். உள்ளே வரச் சொன்னார், போனேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். தண்ணீர் கொடுங்கள் என்றேன். கொண்டுவந்தார். முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.